மரச்சீனியை விடச் சொல்லாத டயட்டீஷியன்

பிசிஓஎஸ் (சினைப்பையைப் பாதிக்கிற ஹார்மோன் கோளாறு) என்று ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, "வெயிட்டைக் குறைங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிடப்பட்ட குமரி மாவட்டத்துப் பெண்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எப்படிக் குறைப்பது, எதைத் தின்பது, ஐந்து பேருக்குச் சேர்த்து உலை வைக்கிற வீட்டில் எனக்கு மட்டும் தனியாக என்ன செய்வது என்று அங்கே யாரும் சொல்வதில்லை, சொல்ல அவர்களுக்கு நேரமும் இல்லை. அதைச் சொல்வதையே தொழிலாக வைத்திருக்கிற ஒரு டயட்டீஷியன் தக்கலையில் இருக்கிறார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான், ஒரு மெடிக்கல் ஸ்டோருக்கு மேல் மாடியில் சின்ன அறை. பேரைப் போடலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார், அதனால் அக்கா என்றே எழுதிவிட்டுப் போகிறேன். தக்கலையில் விசாரித்தால் வழி சொல்லிவிடுவார்கள். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

அக்காவிடம் போவதற்கு முன்னால் ஆன்லைனில் ஒரு பேக்கேஜுக்குப் பணம் கட்டியிருந்தேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். வந்த சார்ட்டில் காலையில் ஓட்ஸ், மதியம் கீன்வா என்கிற வெளிநாட்டுத் தானியம், ராத்திரி கிரில் சிக்கன், நடுவில் அவர்களே விற்கிற பவுடர். திங்கள்சந்தையில் போய் எந்தக் கடையில் கீன்வா கேட்பது? சோறு, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), வாழைப்பழம், தேங்காய் எல்லாவற்றுக்கும் நேராக 'கூடாது' என்று போட்டிருந்தார்கள், அதாவது எங்கள் அடுப்படியில் இருக்கிற அத்தனையும் கூடாது. சந்தேகம் கேட்டுப் போன் பண்ணினால் அடுத்த பேக்கேஜைப் பற்றித்தான் பேச்சு. பசியும் எரிச்சலும் தலைவலியும் மிஞ்சியதே தவிர, பீரியட்ஸ் அதன் போக்கில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வந்துகொண்டிருந்தது.

இங்கே நடப்பது வேறு மாதிரி. அப்பாயின்ட்மென்ட் கேட்டுப் போன் பண்ணும்போதே, "அன்னைக்கு மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிட்டு வாங்க, எப்பவும் தின்னுறது எவ்வளவோ அவ்வளவு, கூட்டியும் குறைச்சும் வைக்காண்டாம்" என்று சொல்லிவிடுகிறார். நான் டிபன் பாக்ஸைத் திறந்ததும், மேஜையில் இருந்த எடை மெஷினில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்து முதலில் சோற்றை மட்டும் கொட்டினார். 380 கிராம். அடுத்து மீன், ஒரே துண்டு, முள்ளோடு சேர்த்து 60. கீரைத் துவரனுக்கு (பொரியலுக்கு) மெஷின் 25 என்று காட்டியது. அதற்கு மேல் இரண்டு பப்படம். அவர் முகம் சுளிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு பேப்பரை எடுத்து எழுதினார்: 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து, அப்படியானால் இந்த ஒரு நேரத்திலேயே நூறைத் தாண்டிவிடுகிறது, மீனிலிருந்து கிடைக்கிற புரதம் பத்துகூட வராது. அப்புறம் சோற்றில் பாதியை எடுத்து டப்பாவில் திருப்பி வைத்துவிட்டு, தன்னுடைய மதியச் சாப்பாட்டிலிருந்து அவியலும் சிறுபயறும் ஒரு அவித்த முட்டையும் அந்தத் தட்டில் வைத்தார். "இப்பம் தட்டு நிறைஞ்சிருக்கா இல்லையா மக்களே?" நிறைந்துதான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அதைச் சாப்பிடவும் வைத்தார், அவியலும் மீனும் முதலில், சோறு கடைசியில்.

அந்த வரிசைக்குக் காரணம் கேட்டேன். காய்கறியும் புரதமும் முதலில் உள்ளே போனால், பின்னால் வருகிற சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் சட்டென்று ஏறாதாம். பிசிஓஎஸ் உள்ள பெண்களில் நிறையப் பேருக்கு உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை, அதனால் கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது, அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரஜன் என்கிற ஆண் ஹார்மோனை அதிகமாக்குகிறது, போதாததற்குக் கல்லீரல் தயாரிக்கிற, ஆண்ட்ரஜனைப் பிடித்து வைக்கிற புரதமும் குறைந்துபோகிறது. தாடையில் முடி, பரு, தலையில் முடி கொட்டுவது, முட்டை முதிராமல் மாதம் தள்ளிப்போவது எல்லாம் இந்த ஒரே கயிற்றில் வருகிறவை. ஸ்கேனில் வரிசையாகத் தெரிகிற 'கட்டிகள்' பாதியில் வளர்ச்சி நின்ற முட்டைப் பைகள், ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான், ஆபரேஷன் பண்ணி எடுக்க வேண்டிய கட்டிகள் இல்லை என்று படம் போட்டுக் காட்டினார். இதைக் கேட்டபிறகுதான் எங்க அம்மா அழுகையை நிறுத்தினார்.

இன்னொன்றும் சொன்னார். என் பின்கழுத்துக் கருப்பு அழுக்கு இல்லை, இன்சுலின் கூடுவதால் வருகிற தோல் மாற்றம், எவ்வளவு தேய்த்தாலும் போகாது என்று. பள்ளிக்கூட நாளிலிருந்து எத்தனை பேர் என்னிடம் நன்றாகத் தேய்த்துக் குளி என்று சொல்லியிருப்பார்கள், பீர்க்கங்கூடு வைத்துத் தேய்த்துத் தோல் உரிந்திருக்கிறது. ஒரு டீச்சராவது, ஒரு நர்ஸாவது அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கழுத்திலும் அக்குளிலும் இப்படி இருந்தால் சோப்பை மாற்றாதீர்கள், சர்க்கரையைப் பாருங்கள்.

இனி மரச்சீனிக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம். 1956 நவம்பர் 1 வரை நம்ம மாவட்டம் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் பரவிய கிழங்கு இது, இரண்டாம் உலகப் போர் நேரத்தில் பர்மா அரிசி நின்றுபோனபோது இந்த மண்ணில் எத்தனையோ வயிற்றை இது காப்பாற்றியிருக்கிறது. அப்படிப்பட்டதை ஒரு சார்ட்டில் கோடு கிழித்து விலக்கச் சொன்னால் யார் வீட்டில் நடக்கும்? அக்கா விலக்கச் சொல்லவில்லை. கிழங்கில் மாவுச்சத்து சோற்றைவிட அதிகம், 100 கிராமுக்குப் புரதம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது, அதனால் கிழங்கு அவிக்கிற நேரத்தில் சோறு கிடையாது, அளவு நாலைந்து துண்டு, கூட மீன் கட்டாயம். காந்தாரி மிளகுச் சம்மந்தியை (துவையலை) மட்டும் தொட்டுக்கொண்டு ஒரு பாத்திரம் கிழங்கைத் தின்பதுதான் பிரச்சனை என்றார். அவித்த தண்ணீரை வடித்துக் கொட்டுகிற நம்ம வழக்கத்தை மட்டும் விடக் கூடாது, கிழங்கில் இயல்பாக இருக்கிற சயனைடுச் சேர்மம் அதோடுதான் போகிறது. மீனுக்கு அவர் சொன்னது சாளை (மத்தி). நெய்மீன் (வஞ்சிரம்) வாங்கக் காசு வேண்டும், சாளை கிடைக்கிற நாளில் மலிவு, சதையில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவுக்குப் புரதம், ஒமேகா-3 கொழுப்பும் நிறைய. தினமும் எண்ணெயில் பொரிக்காமல் புளிமுளம் என்கிற புளிக்குழம்பாகவோ மீன் அவியலாகவோ வைத்துச் சாப்பிடச் சொன்னார்.

தேங்காய் அரைக்காத குழம்பு எங்க பக்கம் ஏது, அதையும் நிறுத்தச் சொல்லவில்லை, ஒரு நாளைக்கு வீட்டுக்கு எத்தனை தேங்காய் உடைக்கிறோம் என்று கேட்டு அதில் பாதியாக்கச் சொன்னார். காலைப் புட்டுக்குப் பழத்தையும் சீனியையும் விட்டுவிட்டுப் பயறு கறி, அல்லது கடலைக் கறி. வீட்டில் இருக்கிற சம்பா அரிசியே போதும், தவிட்டோடு இருப்பதால் நார்ச்சத்து கூட, ஆனால் சம்பா என்பதற்காகக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. பழத்தில் மட்டி ஒன்று போதும் (2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மட்டிதான்), ஏத்தம்பழம் (நேந்திரம்) என்றால் பாதி, பழபஜ்ஜி எப்போதாவது.

சாயா விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்புதான். நாலு கிளாஸ், கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 5 கிராம் என்று வைத்தால் 40 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்க 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. சீனிக்குப் பதில் கருப்பட்டி போடலாமே என்று அம்மா கேட்டதற்கு, "கருப்பட்டி நம்ம ஊருச் சாதனம்தான், ஆனா உடம்புக்குள்ள போனா அதுவும் சர்க்கரைதானே அம்மா" என்றார். பெரிய பிள்ளையானவர்களுக்குக் கிண்டிக் கொடுக்கிற உளுந்தங்களிக்கும் இதே கணக்கு: உளுந்து நல்லது, அதில் இடிக்கிற கருப்பட்டியின் அளவைப் பார்க்க வேண்டும்.

அவருடைய வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது, சமைக்கிற ஆளையும் கூப்பிட்டு உட்கார வைப்பது. எங்கள் வீட்டில் சமையல் என் மாமியுடைய (மாமியாருடைய) பொறுப்பு. நான் சோற்றைக் குறைத்தால் அவர் கைச் சமையல் பிடிக்கவில்லை என்று அவருக்குத் தோன்றும், அதனாலேயே பாதி நாள் வாயை மூடிக்கொண்டு தின்றிருக்கிறேன். மாமியைக் கூட்டிக்கொண்டு போனபோது அக்கா என்னைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, மாமியிடம் துவரன் எப்படி வைப்பீர்கள், எத்தனை காய் போடுவீர்கள் என்று அரை மணி நேரம் பேசினார். கடைசியில் மாமியே, "அப்பம் ஒரு துவரனுக்குப் பதிலா ரெண்டு வைக்கணும், அவ்வளவுதானே" என்றார். மாமிக்கும் சுகர் உண்டு. இப்போது வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமையல், வெண்டைக்காய்க்கோ முருங்கைக் கீரைக்கோ எனக்கென்று தனிச் சட்டி இல்லை. "விசேஷம் உண்டா, விசேஷம் உண்டா" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிற கேள்விக்கும் அன்றைக்குப் பிறகு மாமிதான் பதில் சொல்கிறார், நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்கா இந்த வேலைக்கு வந்த வழியைக் கேட்டேன். ஊட்டச்சத்தியலில் எம்எஸ்சி முடித்து, திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வருடக்கணக்காக இருந்திருக்கிறார். "ஆளைப் பார்க்காம பெட் நம்பரைப் பார்த்துச் சாப்பாடு எழுதிட்டிருந்தேன்" என்றார். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து அறை போட்டபோது சுகர் பேஷண்டுகள்தான் வந்தார்களாம், அவர்கள்தான் பிறகு தங்கள் பெண்பிள்ளைகளைக் கூட்டி வந்தது. இப்போது நான் போகிற நேரத்திலெல்லாம் வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பிசிஓஎஸ்தான்: லீவில் வந்த கல்ஃப் நர்ஸ், அண்டியாபீஸில் (முந்திரித் தொழிற்சாலையில்) வேலை பார்க்கிற பெண், கல்லூரிப் பிள்ளைகள். இந்திய டயட்டெடிக் அசோசியேஷன் நடத்துகிற தேர்வு எழுதிப் பதிவு பெற்றவர், சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறது. துணை மருத்துவத் தொழில்களுக்கென்று 2021-இல் வந்த மத்தியச் சட்டத்தில் ஊட்டச்சத்து நிபுணர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். எடை குறைப்பு கோச் என்று போர்டு வைக்கிற யாரிடமும் போகும் முன் என்ன படித்தீர்கள் என்று தைரியமாகக் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

டாக்டர் வேலையை அவர் செய்வதில்லை. தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் டெஸ்ட்டுகள் பார்க்காமல் வந்திருந்த ஒரு பெண்ணை எனக்கு முன்னாலேயே திருப்பி அனுப்பினார், முதலில் அதைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி. எனக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கிற டெஸ்ட்டை மகப்பேறு டாக்டரிடம் கேட்கச் சொன்னதும் அவர்தான். வெறும் வயிற்றுச் சர்க்கரை நார்மலாக இருந்தாலும் சர்க்கரைக் கோளாறு இதில் தெரிந்துவிடுமாம், எனக்கும் தெரிந்தது. மெட்பார்மின் (சர்க்கரைக்கும் பிசிஓஎஸ்ஸுக்கும் கொடுக்கிற மாத்திரை) எடுக்கிறவர்கள் டயட் தொடங்கியாயிற்று என்று தாங்களாக நிறுத்தக் கூடாது, வருடக்கணக்கில் எடுத்தால் பி12 அளவைப் பார்க்க வேண்டும். 90 நாள் தாண்டியும் பீரியட்ஸ் வராவிட்டால் சாப்பாட்டை மாற்றிக்கொண்டு காத்திருக்கக் கூடாது, கர்ப்பப்பை உள்சவ்வு தடித்துப்போகும், டாக்டரிடம் போயே ஆக வேண்டும். இதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுக்கிறார்.

என் மைனியின் (அண்ணியின்) தங்கை மகளுக்கு வயது 15. மாதம் தவறுகிறது என்று யாரோ ஸ்கேன் எடுக்கச் சொல்லி, பிசிஓடி (பிசிஓஎஸ்ஸைத்தான் இப்படியும் சொல்கிறார்கள்) என்று எழுதி வாங்கி, வீட்டில் எல்லாரும் கல்யாணம் வரைக்கும் யோசித்துவிட்டார்கள். அக்காவிடம் கூட்டிப் போனோம். வயதுக்கு வந்து சில வருடம் வரை மாதம் முன்பின்னாக வருவது உண்டு, 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டியே வளரிளம் பெண்களுக்கு ஸ்கேனை வைத்து முடிவு கட்டக் கூடாது என்கிறது என்று சொல்லி, வேறொரு மகப்பேறு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். பிள்ளையை எடை மெஷினில் ஏற்றவே இல்லை. காலையில் சாப்பிடாமல் ஓடாதே, பள்ளிக்கு ஒரு முட்டையோ சுண்டலோ கொண்டு போ, சாயங்காலம் விளையாடு, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்குச் சார்ட் எழுதிக் காசு வாங்கியிருக்கலாம், செய்யவில்லை. எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது இங்கேதான்.

அதே வழிகாட்டியில் இன்னொரு செய்தியையும் காட்டினார், பிசிஓஎஸ்ஸுக்கு இந்த ஒரு டயட்தான் மற்றதைவிடச் சிறந்தது என்று ஆதாரம் எதுவும் இல்லை என்று. கீட்டோ, பேலியோ என்று அலைகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீண்ட நாள் கடைப்பிடிக்க முடிகிற எதுவும் சரி, எடை கூடுதலாக இருந்தால் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாயில் மாற்றம் தெரியும். ஒல்லியாக இருக்கிற பெண்களுக்கும் பிசிஓஎஸ் வரும், அவர்களிடம் எடை குறைக்கச் சொல்வதே தப்பு. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும், அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கிற பயிற்சி. ஜிம் இல்லாதவர்களுக்குத் தண்ணீர்க் குடத்தை வைத்தே சொல்லிக் கொடுக்கிறார்.

பிசிஓஎஸ்ஸுக்கு நாட்டு மருந்தாகச் சொல்கிற கழற்சிக்காய் பொடியைப் பற்றிக் கேட்காமல் யாரும் அங்கிருந்து வருவதில்லை. நானும் கேட்டேன். கேலி பண்ணவில்லை, மனிதர்களிடம் போதுமான அளவு ஆராய்ச்சி நடக்கவில்லை, தானாக வாங்கி மாத்திரையோடு சேர்த்துத் தின்னாதீர்கள், வேண்டுமானால் படித்த சித்த மருத்துவரிடமோ கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரியிலோ கேட்டுச் செய்யுங்கள், எனக்கும் சொல்லுங்கள் என்றார். பவுடர், மாத்திரை எதுவும் அவர் அறையில் விற்பனைக்கு இல்லை, கீழே இருக்கிற மெடிக்கலில் வாங்கச் சொல்வதும் இல்லை.

எனக்கு என்ன கிடைத்தது என்றால்: மாதம் இப்போதும் சில தடவை தள்ளுகிறது, ஆனால் ஒன்றரை மாதத்துக்குள் வந்துவிடுகிறது. சுடிதார் இடுப்பில் தளர்ந்திருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு ஆபீஸில் வருகிற அந்தத் தூக்கம் இல்லை. கழுத்துக் கருப்பு லேசாகியிருக்கிறது. தாடை முடி அப்படியேதான் இருக்கிறது, அதற்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆகும், சாப்பாட்டால் மட்டும் போகாது, மருந்தோ லேசரோ தேவைப்படலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

குறைகளும் உண்டு. கூட்டம் அதிகம், பத்து மணி என்றால் பதினொன்றரை ஆகிவிடுகிறது, உட்கார நாலே நாற்காலி. படி செங்குத்து, முட்டுவலி உள்ள மாமிகளுக்கு ரொம்பச் சிரமம். வாட்ஸ்அப்பில் தட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார், பதில் சில நேரம் இரண்டு நாள் கழித்து வருகிறது, அதற்குள் நாம் தின்று முடித்திருப்போம். சாயங்காலம் ஐந்துக்கு அடைத்துவிடுவதால் வேலைக்குப் போகிறவர்கள் லீவு போட்டுத்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நேரமாவது திறந்தால் கடற்கரைப் பக்கத்துப் பெண்களுக்கும் அண்டியாபீஸ் பெண்களுக்கும் எவ்வளவோ உதவியாக இருக்கும், அவரிடமே கேட்டிருக்கிறேன். நோன்புக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும் வெள்ளிக்கிழமை சைவக்காரர்களுக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கிறவர், அந்தச் சார்ட்டைக் கையால் எழுதாமல் அச்சடித்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும், அவர் கையெழுத்தைப் படிக்க எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

முதல் தடவை 600 ரூபாய், அப்புறம் ஒவ்வொரு தடவையும் 300. பேக்கேஜ் எதுவும் கிடையாது, எப்போது திரும்ப வர வேண்டும் என்பதை அவர் சொல்வார், சில பேருக்கு இரண்டு மாதம் கழித்து வந்தால் போதும் என்கிறார். பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, எடுக்கிற மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டு போங்க. வீட்டில் யார் சமைக்கிறார்களோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்க, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பீஸ்தான்.